லேடீஸ் டப்பா

பன்னிரண்டாவது படிக்கும் பூமாரி கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பொறி தட்டியது.

“யாருட்டி அவன்? அண்ணன் கூட்டாளியா?”

“எவனும் இல்லம்மா.”

“நாளைலருந்து டிரெய்ன்ல அண்ணன்கூட ஜெனரல் டப்பால போவக்கூடாது. லேடீஸ் டப்பாதான். இல்லன்னா படிப்ப நிப்பாட்டிருவேன்.”

“அதுல மட்டும் ஏறமாட்டேன்!” பூமாரி ஓவென்று அழுதாள்.

அம்மாவின் சந்தேகம் உறுதியானது. மறுநாள் சயான் ஸ்டேஷனுக்குத் தானே வந்து, மகளை லேடீஸ் டப்பாவில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் திரும்பினாள்.

உள்ளே, ஜன்னலோரம் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள், வகுப்பில் இதுவரை கண்ணால் மட்டுமே காதலித்துக்கொண்டிருந்த ஸ்ரீலேகா. பூமாரி உட்கார்ந்ததும் அவள் விரல்களோடு தன் விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

“ஆன்ட்டி எப்படிடீ உன்னை இங்க அனுப்பினா?”

“வரவே மாட்டேன்னு அழுதேன்.”