நல வளையம்

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் எல்லோர் கையிலும் நல வளையம் உண்டு. மனம் கனத்தால் அது சிவக்கும். உடனே கணினி பூட்டிக்கொண்டு, பெயர் சொல்லி வீட்டுக்கு அனுப்பும்.

கணவர் இறந்தபின் வேலைக்குத் திரும்பிய செண்பகவல்லியை அது தினமும் மதியத்துக்குள் அனுப்பிவிட்டது.

"ஓய்வு நல்லதுதானக்கா?" என்றாள் பக்கத்து மேசை பியூலா.

"வாசல்ல அவரு செருப்பு கெடக்கு. அதைப் பாத்துக்கிட்டு என்னத்த ஓய்வெடுக்க? இங்கன்னா நாலு பேரு சத்தமாவது கேக்கும்."

மறுநாள் காலை பியூலா வேறு யாருக்கும் தெரியாமல் இருவரின் வளையங்களையும் மாற்றிப் போட்டுவிட்டாள். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

மதிப்பெண் பட்டியல்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது செண்பகவல்லியின் கையிலிருந்த வளையம் சிவந்தது. பியூலாவின் கணினி பூட்டிக்கொண்டது. "பியூலா, உங்கள் வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள்" என்றது, கனிவாக.

செண்பகவல்லி பதறிப்போனாள். "என்னால ஒன்னைய வெரட்டுதே."

பியூலா நிதானமாக இரண்டு சாப்பாட்டுப் பைகளையும் எடுத்துக்கொண்டாள்.

"வளையம் ஒங்க கையிலதானக்கா இருக்கு. எங்க வீட்டுக்குப் போகச் சொல்லுது, வாங்க. பிள்ளைங்களுக்கு லீவு. வீடு ஒரே சத்தமாக் கெடக்கும், பரவால்லியா?"