நரி நடமாடும் மேடு

பாலைவனத்துச் சிற்றூரில் சுற்றுலாக் கூடாரம் போட்டவர்கள் முதல் வேலையாக நரியை விரட்டினார்கள். வருகிறவர்களுக்கு யார் காலும் படாத மணல்மேடு வேண்டுமாம். நரி தன் வளையை விட்டுவிட்டு, குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு அப்பால் போய்விட்டது.

மனசு கேட்காமல் ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால், மேடு முழுக்க நரித்தடம்.

"இதெல்லாம் யாரு தடம்ணே?" என்று சவாரி ஒட்டகத்திடம் கேட்டது.

"உன்னுதுதான் தம்பி. நரியையே காணோமேன்னு வந்தவங்க குறைபட்டுக்கிட்டாங்க. அதான் கட்டையில பாதம் செதுக்கி, விடியக்காலையில குத்தி வைக்கிறாங்க."

நரிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. "அப்போ நான் வீட்டுக்கு வரலாம்" என்று மேட்டில் கால் வைத்தது.

ஒட்டகம் பதறிவிட்டது. "மிதிச்சுக் கலைச்சிடாதே தம்பி. நரி நடமாடுற இடம்னு காட்ட ஆளுங்களைக் கூட்டிட்டு வராங்க. ஓரமாப் போ."