இடது கை

கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே அலறுகிற ஆள் டெய்லர் மாஸ்டர். தையல் கூடத்துப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் ‘உதறல்’. அன்று மதியம் துணிக் கிடங்கில் தீப்பிடித்தபோதும் முதலில் வாசலுக்கு ஓடி வந்தவர் அவர்தான்.

“கட்டிங் அக்கா உள்ளே மாட்டிக்கிட்டாங்க!” என்று யாரோ கத்தினார்கள்.

மாஸ்டர் தோளில் கிடந்த துணியைத் தண்ணீரில் நனைத்தார். “கடவுளே, நான் போறேன். நீ கூட வா” என்று முணுமுணுத்தார். ஈரத்துணியை வலது கையால் மூக்கில் பொத்திக்கொண்டு புகைக்குள் நுழைந்தார்.

கண்ணே தெரியவில்லை. திடீரென்று அவருடைய இடது மணிக்கட்டை ஒரு கை பற்றியது. அந்த அனலிலும் அது சில்லென்று இருந்தது. இருபது வருஷம் புழங்கிய இடம், அக்காவுக்கு வழி தெரியும் என்று இழுத்த பக்கமெல்லாம் போனார். இருவரும் வாசலுக்கு வெளியே வந்து விழுந்தார்கள்.

“நல்லவேளைக்கா, நீங்க கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தீங்க.”

அக்கா இருமினார். “நானா? நீங்கதானே மாஸ்டர் என்னை இழுத்தீங்க? கை ஐஸ் மாதிரி இருந்துச்சே!”

மாஸ்டர் தன் வலது கையைப் பார்த்தார். ஈரத்துணி இன்னும் அதில்தான் இருந்தது. இடது கை முழுக்கக் கரி. மணிக்கட்டில் மட்டும் ஐந்து விரல் தடம், துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக. அக்காவின் மணிக்கட்டிலும் அதே தடம்.

“ஐயோ, பட்டன் தைக்கிறவ இன்னும் உள்ளேதான் இருக்கா!” என்று அக்கா அலறினார்.

உதறல் எழுந்தார். இடது கையை முன்னால் நீட்டியபடி புகைக்குள் நடந்தார்.