மதி கேழ்வரகு முறுக்கு

அருள்ராஜ் அந்தப் பிளாஸ்டிக் கவரை மேசைமேல் வைத்ததும், மதிவதனி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டாள்.

'மதி கேழ்வரகு முறுக்கு, வேங்கிக்கால்.' சிவப்பு எழுத்து மங்கியிருந்தது. மலையும் அதன்மேல் நிலாவும் அவளே வரைந்தவை. அச்சகத்தில் நிலாவையும் ஒரு முறுக்காக்கிவிட்டிருந்தார்கள்.

"இது எங்க கெடச்சுது தம்பி?"

பழைய பிஸ்கட் டப்பா, மிட்டாய்த் தாள், பெட்டிக்கடைகளில் தொங்கிய தகர விளம்பரம் என்று ஆரணியில் அருள்ராஜின் மாடியறை நிறைந்திருக்கிறது. எல்லாம் பெரிய கம்பெனிகளுடையவை. வீட்டில் செய்து விற்ற தின்பண்டத்தின் கவரை யாரும் எடுத்து வைப்பதில்லை. அதனால்தான் இதைக் கண்டதும் விடவில்லை.

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், ஒரு வயதான சாமியார் இதில் விபூதி வைத்திருந்தார். புது டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்து மாற்றிக்கொண்டான்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒருவர் ஸ்கூட்டரில் இந்த முறுக்கைப் பை பையாகக் கொண்டுவந்து தங்களுக்குக் கொடுப்பார் என்று சாமியார் சொன்னார். கடைக்காரர்கள் யாரும் வாங்கிக்கொள்ளவில்லையாம்.

கவரின் பின்பக்கம் இருந்த முகவரியைத் தேடி வந்தவன் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், மதிவதனி பேச ஆரம்பித்துவிட்டாள்.

குழந்தை தங்காமல் போன வருஷம் அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் மாதக்கணக்கில் யாரிடமும் பேசவில்லை. ஒருநாள் தானாக எழுந்து மாவு பிசைந்தாள். கணவர் குமரேசன் ஒரு முறுக்கைக் கடித்துவிட்டு, இதை விற்கலாமே என்றார்.

"கடை கடையா அவருதான் கொண்டுபோய்ப் போடுவாரு. ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல."

சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது.

உள்ளேயிருந்து டீ தம்ளர்களோடு வந்த குமரேசன், மேசையைப் பார்த்ததும் அப்படியே நின்றார். மனைவியின் முதுகுக்குப் பின்னால் இருந்தபடி அருள்ராஜைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். வேண்டாம்.

"ஒரு டீக்கடையில கெடச்சுதுக்கா," என்றான் அருள்ராஜ். "அப்ப நல்லா ஓடுன சரக்குன்னு சொன்னாங்க."

குமரேசன் முதல் தம்ளரை அவனிடம் நீட்டினார்.

கிளம்பும் நேரத்தில் அருள்ராஜ் கவரை அவளிடமே நீட்டினான். வீட்டுத் தின்பண்டக் கவர் என்று அவனிடம் இருப்பது இது ஒன்றுதான்.

மதிவதனி வாங்கி, நீவிவிட்டு, திருப்பிக் கொடுத்தாள். "நீங்க பத்திரமா வெச்சிருப்பீங்க."

வாசல்வரை அவள்தான் கூட வந்தாள். வண்டியைக் கிளப்பிய பிறகு, அவளை இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படுத்தலாம் என்று தோன்றியது அவனுக்கு.

"அவ்ளோ நல்லாப் போனத ஏன்க்கா நிறுத்திட்டீங்க?"

மதிவதனி திரும்பி வீட்டைப் பார்த்தாள். உள்ளே குமரேசன் தம்ளர் கழுவும் சத்தம் கேட்டது.

"ஒரு பௌர்ணமிக்கு அவருக்குத் தெரியாம நானும் கிரிவலம் போனேன் தம்பி," என்றாள், குரலைத் தாழ்த்தி. "வழி நெடுக சாமியாருங்க என் முறுக்கத்தான் தின்னுக்கிட்டிருந்தாங்க."

அருள்ராஜ் வண்டியை அணைத்தான்.

"பாவம், எத்தினி நாள்தான் அவரு சுமப்பாரு? கை வலிக்குது, இனிமே முடியாதுன்னு சொல்லிட்டேன்."

வலது கையை ஒருமுறை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது அவளுக்கு.

"இன்னிக்கும் படுக்கறதுக்கு முன்னாடி தைலம் தேய்ச்சு விடறாரு. வலியே இல்லன்னு எப்படிச் சொல்றது, சொல்லுங்க?"