மூன்று தட்டு

வேப்பங்கிளையில் வலை கட்டிக் குடியிருந்த வடிவு என்ற சிலந்திக்குப் பக்கவாதம் வந்து, இடப்பக்கக் கால்கள் விழுந்துவிட்டன. மழைக்காலம் முடிவதற்குள் நடை திரும்பிவிட்டது. "பழைய வடிவா ஆயிட்டே!" என்று பக்கத்துக் கிளைப் பல்லி மெச்சியது.

உள்விஷயம் வடிவுக்கு மட்டும்தான் தெரியும். முன்பெல்லாம் ஒரு இழை அதிர்ந்தால் போதும், எந்த மூலை, கொசுவா ஈயா என்று கால் சொல்லிவிடும். இப்போது கிழக்கே ஆடினால் மேற்கே ஓடினாள். அங்கே வெறுமனே நின்றுவிட்டு, "சும்மா காலாற நடந்தேன்" என்று பல்லியிடம் சமாளிப்பாள்.

ஒரு காலையில் மேல் இழை மூன்று தரம் மெல்ல அதிர்ந்தது. வடிவு பாய்ந்தாள். இந்தத் தடவை இடம் தவறவில்லை. பூரித்துப்போய் நூலைச் சுற்று சுற்றென்று சுற்றினாள்.

"அம்மா, நான் தேனும்மா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வீட்டுக்குள் வருமுன் மூன்று தட்டு தட்ட வேண்டும் என்று மகளுக்குப் பழக்கியவளே வடிவுதான்.

அவசர அவசரமாக நூலைப் பிரித்தாள். மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பல்லி வேறு பார்த்துக்கொண்டிருந்தது.

"விளையாட்டுக்குச் சுத்தினேன்டி."

"தெரியும்மா," என்றாள் தேனு.

அதற்குப் பிறகு தேனு இழையைத் தட்டுவதே இல்லை. தூரத்து இலையில் நின்று, "அம்மா, தேனு வந்திருக்கேன்!" என்று கத்துவாள்.

"எனக்குத் தெரியாதாக்கும்!" என்று வடிவு வெடுக்கென்று சொல்வாள். ஆனால் தினமும் மகள் வந்து போகும்வரை, பசி வயிற்றைக் கிள்ளினாலும், எந்த இழை ஆடினாலும், எட்டுக் கால்களையும் மடக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு அசையாமல் இருப்பாள்.