வயிற்றுப் பக்கம் உட்கார்ந்தவர்கள்

ஆற்றங்கரை மணலில் கிழட்டுக் காட்டெருமை ஒன்று அசையாமல் படுத்திருந்தது. மேலே வட்டமடித்துக்கொண்டிருந்த, பிணம் தின்னும் பாறுக் கழுகு ஒன்று அதைப் பார்த்ததும் கீழே இறங்கியது. ஒன்று இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரத்திலிருக்கும் மற்றவையும் இறங்கிவிடும். அது அந்த இனத்தின் வழக்கம். கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டமே வந்து உட்கார்ந்துவிட்டது.

காட்டெருமை ஒரு கண்ணைத் திறந்தது.

"என்ன, எல்லாருமா வந்திருக்கீங்க?"

முதலில் இறங்கிய கழுகுக்கு வாய் குழறியது. "அது வந்து... உங்களுக்கு உடம்புக்கு முடியலைன்னு கேள்விப்பட்டோம். ஒரு எட்டு பார்த்துட்டுப் போகலாம்னு..."

"பார்க்க வந்தவங்க முகத்துப் பக்கம்தானே உட்காருவாங்க? நீங்க எல்லாரும் வயித்துப் பக்கமா உட்கார்ந்திருக்கீங்களே!"

கழுகு தலையைக் குனிந்துகொண்டது. முகத்தை மறைத்துக்கொள்ள அதன் மொட்டைக் கழுத்தில் ஓர் இறகுகூட இல்லை. பின்னால் இருந்தவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன.

"தப்பா நினைச்சுக்காதீங்க. நாங்க கிளம்புறோம்" என்று அது சிறகை விரித்தது.

"எங்கே கிளம்புறீங்க? நான் செத்து இங்கேயே அழுகிக் கிடந்தா இந்தத் தண்ணியை யார் வாயில வைப்பாங்க? அது உங்க வேலை, நீங்கதான் செய்யணும்." காட்டெருமைக்கு மூச்சு வாங்கியது. "என் சொந்தக் கூட்டம் காலையில என்னைத் தாண்டித்தான் போச்சு. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. உயிர் போறவரைக்கும் இந்தப் பக்கம் வந்து உட்காருங்க."

கழுகுகள் சத்தமில்லாமல் எழுந்து, மணலில் நடந்து, முகத்துப் பக்கம் போய் உட்கார்ந்தன. அந்தக் கண்ணைப் பார்க்கத்தான் ஒன்றாலும் முடியவில்லை.