புழு பிடிக்க ஆளில்லை

கறிவேப்பிலைச் செடியில் ஒரு புழுவைத் தட்டிவிடுவதற்குள் கமலாவின் கண்ணில் இன்னும் நான்கு பட்டன.

குச்சியால் தொட்டதும் ஒன்று தலையைத் தூக்கி, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்புகளை நீட்டியது. ஏதோ அழுகின வாடை.

இவள் தட்டத் தட்ட, கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டாம்பூச்சி தளிர் தளிராக உட்கார்ந்து முட்டை வைத்துக்கொண்டே போனது. முந்தானையை வீசி விரட்டினாள். அது எலுமிச்சைக்குப் போய் அங்கே வைத்தது.

சித்திரை பிறந்ததும் கொன்றை பூத்துவிட்டது. செவ்வரளியும் பூத்துவிட்டது. ஆனால் கீழே கணுக்கால் உயரத்துக்குச் சருகு கிடக்கிறது. பூப்பறிக்கப் போனால் காலில் முள் ஏறுகிறது.

எல்லாம் இருசம்மாள் வராததால்.

காலனியிலிருந்து தினமும் வந்து இந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியவள். பாதிச் செடிகளை வைத்தவளும் அவள்தான். புழுவைக் கொல்ல மாட்டாள். இலையோடு கிள்ளி, வேலியோரத்து நாரத்தையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள்.

போன புரட்டாசியில் ஊர்க்காரர்கள் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்தபோது ஊருக்கும் காலனிக்கும் சண்டையாகிவிட்டது. காலனியில் சில கூரைகள் எரிந்தன. இருசம்மாளின் கூரையும் எரிந்தது. அதோடு அவள் வருவது நின்றது.

கமலா இரண்டு முறை ஆளனுப்பிக் கூப்பிட்டாள். ஒரு சேலையும் கொடுத்தனுப்பினாள். சேலை திரும்பி வந்தது. யாரோ வைத்த தீக்கு என் தோட்டம் என்ன செய்தது என்று கணவரிடம் கத்தினாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வேலிக்கு வெளியே பேச்சுக்குரல் கேட்டு எட்டிப் பார்த்தாள். இருசம்மாள்தான். தலையில் துணிமூட்டை. முன்னால் அவள் புருஷன் பிச்சைமுத்து அலுமினியக் குண்டான்களைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான்.

கமலா படலைத் திறந்துகொண்டு ஓடினாள்.

"எங்க போய்க்கினு இருக்க இருசம்மா? செடிய பூரா புழு தின்னுது. ஒரு நாளு வந்து பாத்தா இன்னா?"

இருசம்மாள் செடிகளைப் பார்க்கவில்லை. வீட்டைத்தான் பார்த்தாள்.

"பெங்களூருக்குப் போறோங்க, கட்டட வேலைக்கு" என்றாள். பிறகு, போகத் திரும்பியவள் நின்று கேட்டாள். "சின்னவருக்குக் கை ஆறிடுச்சுங்களாம்மா?"

சின்னவர் என்றால் கமலாவின் ஒரே மகன் தங்கதுரை.

"ஆறிடுச்சு" என்று கமலாவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரிங்க" என்றாள் இருசம்மாள். சின்னசேலம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள்.

உள்ளேயிருந்து தங்கதுரை யாரது என்று கேட்டான். கமலா உள்ளே வந்து படலைச் சாத்தினாள்.

மறியல் நடந்த வாரம் அவன் வலது கை முழங்கைவரை வெந்திருந்தது. கொல்லையில் கரும்புச் சோகை கொளுத்தும்போது பட்டுவிட்டது என்று ஊர் முழுக்கச் சொன்னவள் கமலாதான். யாரும் மறுத்துப் பேசவில்லை.

கரும்பு வெட்டிய பிறகுதான், மிஞ்சிக் கிடக்கும் காய்ந்த சோகையைக் கொளுத்துவார்கள். அந்தப் புரட்டாசியில் கமலா வீட்டுக் கரும்பு வெட்டப்படாமல், ஆளுயரத்துக்குப் பச்சையாக நின்றுகொண்டிருந்தது.

அதற்குக் களை எடுத்தவள் இருசம்மாள்.